நூலும் இருபோகப் பயிரே!

(தேனியில் ஒரு நூற்கடையில் நடைபெற்ற நூலரங்கேற்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

      

நாற்பது பேர் நெருங்கி அமர்ந்தால் காற்றுப் புக இடமில்லாத கடை இது. ஆயினும், ஆயிரம் பேர் கூடும் திருமண மண்டபத்தில் நடக்கும் வெளியீட்டு விழாவினும் இக்கூட்டத்தையே நான் உயர்வாக மதிக்கின்றேன். ஏன் என்பதை எடுத்துரைப்பதே என் உரையின் நோக்கம்.

அரங்கேற்றம் நமக்குப் புதிதன்று

‘ஆத்தர் ரீடிங்’ என்றும் ‘புக் லாஞ்ச்’ என்றும் அழைப்பிதழ்களில் ஆங்கிலத்தைத் தமிழெழுத்தால் எழுதி மகிழும் நம்மவர், நூலாசிரியன் தன் நூலைப் பலர்முன் தானே படித்துக் காட்டும் வழக்கம் மேலைநாட்டிலிருந்து வந்ததென்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவ்வழக்கத்திற்கு அரங்கேற்றம் என்னும் அழகிய பெயரிட்டுக் காத்துவந்த இனம் நம் இனம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்பதை அந்நூலின் சிறப்புப்பாயிரமே தெரிவிக்கின்றது. கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது வழிவழிச் செய்தி.

இன்னொன்றையும் நோக்குங்கள். ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவை எட்டு என்று நன்னூலார் வரையறுத்தார். எழுதியவர் யார், நூலின் பெயர் என்ன, அது நுவலும் பொருள் என்ன, அதனால் விளையும் பயன் என்ன என்பவற்றோடு, அதனைக் கேட்போர் யாவர் என்பதும் அவ்வெட்டனுள் ஒன்று. அந்நூல் அரங்கேறிய களத்தையும் கூறவேண்டும் என்பார் கொள்கையையும் அவர் உடன்வைத்து உரைத்தார். கேட்போரும் களமும் இல்லாமல் நூல் நிறைவுறாது என்பது இதனால் விளங்கவில்லையா? எழுதியவன் பாதி, கேட்பவன் பாதி என்பதே தமிழன் கண்ட நூல்நெறி.

இறையனார் களவியல் உரை பற்றிய பழங்கதை நீங்கள் அறிந்ததே. புலவர் பலர் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று முடிவுகட்ட இயலவில்லை. வாய்பேசாச் சிறுவனாகிய உருத்திரசன்மன் முன் உரைகள் படிக்கப்பட்டன. நக்கீரர் உரையைக் கேட்டபோது அச்சிறுவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். அதுவே மெய்யுரை என்று அவை ஏற்றது. கதை எவ்வாறாயினும் ஆகுக. அதன் கருத்து ஒன்றே. அரசனின் பரிசிலுமன்று, புலவரின் புகழுரையுமன்று, கேட்போன் உள்ளத்தில் நிகழும் மாற்றமே நூலுக்குச் சான்று.

இவையெல்லாம் மதுரைச் செய்திகள், நம் பள்ளத்தாக்கிற்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்களானால், மதுரையில் பாண்டியர் தமிழ்க்கழகம் நிறுவியதையும் மாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் கூறும் செப்பேடுகள் நம் சின்னமனூரில்தான் கிடைத்தன. ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்களில் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகோள் பூசலில் மாண்டவனின் பெயரைக் கல்லில் எழுதி ஊரறியச் செய்த மண் இது. எழுத்து நமக்கு நேற்று வந்த உறவன்று.

கேள்வி என்னும் சொல்

திருவள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதல், அவையஞ்சாமை என அவைக்கு ஈரதிகாரம் வகுத்தார். ‘கேள்’ என்னும் ஒரே வினையடி, செவிமடுத்தலையும் குறிக்கின்றது, வினாவுதலையும் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் வேறு வேறு சொற்கள். நம் மொழியிலோ ஒரு சொல்லே இரண்டற்கும் தாய். செவி கொடுத்தவன் வினாவவும் உரிமையுடையான். வினாவ விழைபவன் முதலில் செவி கொடுக்கவேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே கேள்வி. தடையும் விடையும் இல்லாத அரங்கேற்றம் பாதிக் கேள்வியே.

இன்று நடப்பது என்ன? வெளியீட்டு விழா என்கின்றனர். மேடையில் பதினைவர் அமர்கின்றனர். பதினைவர்க்கும் பொன்னாடை. வாழ்த்துரைப்போர் எண்மர், அவருள் நூலைத் திறந்து பார்த்தவர் இருவர். மூன்று மணிநேரம் கழித்து, உண்டி ஆறுகின்றதென்று அவை எழுந்துகொண்டிருக்கும்போது நூலாசிரியனை ஏற்புரைக்கு அழைக்கின்றனர். அவன் அனைவர்க்கும் நன்றி கூறி அமர்கின்றான். நூலில் ஒரு வரிகூட அன்று படிக்கப்படுவதில்லை. பெண்ணை அழைத்து வராமலே நடந்த மணவிழாப் போன்றதன்றோ இது!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்கும் களத்தைப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கிய காயை வணிகர் கையில் எடுத்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, அதன்பின் விலை கூறுகின்றனர். பார்க்காமல் எவரும் விலை சொல்வதில்லை. காய்க்குக் கிடைக்கும் மதிப்பு நூலுக்கு வேண்டாவா? திறந்து பார்க்காமலே ‘ஒப்பற்ற நூல்’ என்று முழங்குவது நூலாசிரியனுக்குச் செய்யும் சிறப்பாகாது; இழிவேயாகும்.

பள்ளத்தாக்கின் பாவலர்கள்

நம் மண் எழுத்தாளரை ஈன்றெடுக்கத் தவறியதில்லை. ‘கறுப்பு மலர்கள்’ படைத்த பாவலர் நா. காமராசன் போடி மீனாட்சிபுரத்தில் பிறந்தவர். பாவலர் மு. மேத்தா பெரியகுளத்தார். வடுகப்பட்டியில் வளர்ந்த வைரமுத்து, வைகை அணைக்காக நீரில் மூழ்கிய சிற்றூர் மக்களின் வாழ்வைக் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் புதினமாக்கினார். அது 2003ஆம் ஆண்டிற்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது.

இவர்கள் இம்மண்ணில் பிறந்தனர். இவர்கள் புகழோ சென்னையில் விளைந்தது. கம்பத்துக் கொடிமுந்திரி வெளியூர்ச் சந்தைக்குப் போவது போல் நம் எழுத்தும் போயிற்று. அந்த அணைநீரில் நிலம் இழந்த குடும்பத்து முதியவர் ஒருவர், அப்புதினம் படிக்கப்படுவதை இம்மாவட்டத்து நூற்கடை ஒன்றில் அமர்ந்து கேட்டு, ‘இவ்விடம் இப்படி நடக்கவில்லை ஐயா’ என்றோ, ‘எங்கள் கதையை எழுதிவிட்டீர்’ என்றோ சொல்வாராயின், அது எத்தகைய திறனாய்வு! என்னைப் போன்ற தமிழாசிரியன், ‘இதிகாசம் என்னும் வடசொல் எதற்கு? காப்பியம் என்று வைத்தால் ஆகாதா?’ என்று வினாவியிருப்பான். நூலாசிரியர் தக்க விடையும் இறுத்திருக்கலாம். விடை எதுவாயினும் ஆதாயம் தமிழுக்கே. அத்தகைய களம் ஊர்தோறும் வேண்டும் என்பதே என் வேண்டுகை.

கடை இருந்தால்தான் களம்

அக்களத்திற்கு நூற்கடையே ஏற்ற இடம். முன்னாளில் நூற்கடைக்காரரே பதிப்பாளராகவும் விளங்கினர். மதுரைப் புதுமண்டபத்தில் கடை வைத்திருந்த இ. மா. கோபாலகிருட்டிணக் கோனார் எத்தனையோ நூல்களை அச்சேற்றினார். கோவையில் விசயா பதிப்பகம் நடத்திய மு. வேலாயுதம் அவர்கள் நூல் விற்பதோடு நில்லாமல், படிப்போர் வட்டம் அமைத்து, எழுத்தாளரையும் படிப்போரையும் நேர்முகமாக அமரவைத்தார்.

கடல்கடந்த நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. பாரிசு நகரில் 1921ஆம் ஆண்டு திசம்பர் 7ஆம் நாள், அதிரியன் மொன்னியே என்னும் பெண்மணியின் சிறிய நூற்கடையில் ஒரு கூட்டம் நடந்தது. அயர்லாந்து எழுத்தாளர் சேம்சு சாய்சு எழுதி, இன்னும் நூலாக வெளிவராத ‘யுலிசசு’ என்னும் புதினத்தைப் பற்றி வலேரி இலார்போ என்பார் உரையாற்ற, அதன் பகுதிகள் படிக்கப்பட்டன. பெரும் பதிப்பகங்கள் அச்சிட அஞ்சிய அந்நூலை, அதே தெருவில் கடை வைத்திருந்த சில்வியா பீச்சு என்னும் மற்றொரு பெண்மணி 1922ஆம் ஆண்டு பிப்பிரவரியில் வெளியிட்டார். முதற்பதிப்பு 1,000 படிகளே. இன்று உலகெங்கும் கற்கப்படும் நூலுக்கு இரண்டு சிறு நூற்கடைகள் தாயும் செவிலியுமாயின.

நம் ஊர்க் கடைகளின் நிலை என்ன? பள்ளித் திறப்பில் குறிப்பேடும் துணைநூலும் விற்றுத்தான் அவை மூச்சு விடுகின்றன. இந்நூலின் விலை 150 உருபா. நூற்றுக்கு முப்பது கழிவு என்று கொண்டால் ஒரு படிக்குக் கடைக்காரர்க்குக் கிடைப்பது 45 உருபா. இன்று இருபத்தைந்து படிகள் விற்றால் 1,125 உருபா. வாடகையும் மின்கட்டணமும் இதில்தான். மறுபுறம், ஒரு பொன்னாடை 200 உருபா என்று கொண்டால், பத்துப் பொன்னாடைக்கு 2,000 உருபா. அத்தொகைக்கு இந்நூலில் பதின்மூன்று படிகள் வாங்கிப் பதின்மூன்று பள்ளிகளுக்குக் கொடுக்கலாமே! பொன்னாடை பெட்டியில் உறங்கும். நூல் பள்ளியில் விழித்திருக்கும்.

‘அரசே பொத்தகத் திருவிழா நடத்துகின்றதே, சிறுகடை எதற்கு?’ என்று வினாவுவோர் உளர். மாவட்டந்தோறும் அத்திருவிழாக்கள் நடப்பது பாராட்டத்தக்கதே; 2023ஆம் ஆண்டு தேனியிலும் நடந்தது. ஆனால், ஆற்றில் வெள்ளம் வருவது சில நாள். கண்மாயில் நீர் நின்றால்தான் ஆண்டு முழுதும் பயிர். திருவிழா வெள்ளம்; ஊர் நூற்கடை கண்மாய். வெள்ளத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுக் கண்மாயைத் தூரவிடலாமா?

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அது பகைவர் செயல். அதை எண்ணி இன்றும் நெஞ்சு எரிகின்றோம். ஆனால், நம் ஊரில் ஒரு நூற்கடை மூடுவதற்குப் பகைவர் எவரும் வரவேண்டியதில்லை. நாம் போகாமல் இருந்தாலே போதும்.

செய்யவேண்டுவன

ஆகவே உங்கள் முன் சிலவற்றை வைக்கின்றேன். திங்களுக்கு ஒருமுறை, தேனியிலோ போடியிலோ சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ, ஏதேனும் ஒரு நூற்கடையில் அரங்கேற்றம் நடக்கட்டும். நூலை ஒரு திங்கள் முன்னரே ஐவர் வாங்கிப் படிக்கட்டும். அவருள் ஒருவரேனும் பெண்ணாக, ஒருவரேனும் மாணவராக இருக்கட்டும். கூட்டத்தில் நூலாசிரியர் அரைமணி நேரம் தம் நூலைத் தாமே படிக்கட்டும். அதன்பின் ஐவரும் தடை எழுப்பட்டும். அவர் விடை கூறட்டும். பொருளைப் பற்றியும் வினாவுங்கள். சொல்லைப் பற்றியும் வினாவுங்கள். அயற்சொல் புகுந்த இடத்தைக் காட்டினால் அது பகையாகாது. பயிரில் களை பறிப்பதாகும். பொன்னாடையும் மாலையும் வேண்டா. வந்தவர் ஒவ்வொருவரும், இயன்றால், ஒரு நூலோடு வெளியேறட்டும். இயலாத மாணவர்க்கு நாம் வாங்கித் தருவோம்.

கூடலூர்ப் பக்கம் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் முல்லைப்பெரியாற்று நீரால் இருபோகம் விளைகின்றது. ஒரு போகத்தோடு நிலத்தை விட்டுவிட நம் உழவர் உடன்படுவரா? நூலும் இருபோகப் பயிரே. எழுதி அச்சேற்றுவது முதற்போகம். கேட்போர் அவையில், தடைவிடையில் விளைவது மறுபோகம். முதற்போகத்தோடு நம் நூல்களைத் தரிசாக விட்டுவிட்டோம். இனி மறுபோகம் விளைப்போம்.

இதோ, இளம்பாவலர் காத்திருக்கின்றார். நான் பேசியது போதும். அவர் படிக்கட்டும்; நீங்கள் கேளுங்கள், அச்சொல்லின் இருபொருளிலும் கேளுங்கள்!