வேலையும் பரீட்சையும்

(கிள்ளானில் நடந்த தொழிற்சங்கக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பகலெல்லாம் செக்ரோல் எழுதிவிட்டு இரவில் சட்டம் படிப்பவர்கள் நம்மிடையே உண்டு. "இவனுக்கேன் இந்த வேண்டாத வேலை?" என்று கேட்போரும் உண்டு. 1858-ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம், கல்லூரிக்கு வர இயலாதவர்களும் தன் பரீட்சையை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. எங்கே உட்கார்ந்து படித்தாய் என்று அது கேட்கவில்லை. படித்ததை எழுது என்றது. இன்றும் நம்மவர் பலர் வேலையை விடாமல் சட்டப் பட்டம் பெறுவது அந்த வழியில்தான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் ரயிலில், ஏறத்தாழ ஒரு மணி நேரம் புத்தகத்தை விரித்தபடி நிற்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பட்டம் வாங்கியதும் வக்கீல் ஆகிவிட முடியுமா? முடியாது. அந்தப் பட்டத்தோடு இங்கேயே இருப்பவர் சி.எல்.பி. பரீட்சையில் தேற வேண்டும். 1984 முதல் நடந்துவரும் பரீட்சை இது. பொதுத்தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், வக்கீல் தொழில் நடைமுறை என ஐந்து தாள்கள். நடைமுறை என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். எந்தத் தாளை எந்த நாளில் யாரிடம் கொடுப்பது என்ற கணக்கில்தானே நம் ஆபீஸ் வாழ்க்கையே ஓடுகிறது!

பரீட்சை தேறிய பிறகுதான் பலர் தடுமாறுகிறார்கள். 1976-ஆம் ஆண்டின் வக்கீல் தொழில் சட்டப்படி, ஒரு வக்கீலிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும். வக்கீல் மன்றத்தின் எழுத்துமூலமான சிறப்பு அனுமதியின்றி அக்காலத்தில் வேறு உத்தியோகம் பார்க்கக் கூடாது. பயிற்சி தரும் வக்கீல் ஊதியம் கொடுக்கலாம். அது குடும்பத்துக்குப் போதுமா என்பது வேறு பேச்சு. ஆகவே முதல் புத்தகம் வாங்கும் நாளிலேயே அந்த ஒன்பது மாதத்துக்கும் சேமிக்கத் தொடங்குங்கள். இதைப் பலருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இனி நேரத்துக்கு வருவோம். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை நேர உச்சவரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45 ஆயிற்று. மூன்று மணி நேரம் அற்பமா? ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றைம்பதுக்கும் மேல்! அதே திருத்தத்தில் 60பி என்றொரு பிரிவு வந்தது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்துமூலம் கேட்கலாம். 60 நாளுக்குள் முதலாளி எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். வாயால் கேட்டு, வாயால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பிவராதீர்கள்.

ஆனால் பரீட்சை லீவு என்பது வேலைச் சட்டத்தில் இல்லை. பரீட்சை நாளுக்கும் வருஷ லீவைத்தான் செலவழிக்கிறோம். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சம்பளமில்லா லீவு. மேலும், கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில் 60பி மனுவும் அந்த ஒப்பந்தத்துக்கு இசைந்தே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நாம் எழுதி வாங்காததை மானேஜரின் நல்ல மனசு எத்தனை நாளைக்குத் தரும்?

எனவே அடுத்த கோரிக்கைப் பட்டியலில் பரீட்சை நாளுக்குச் சம்பளத்துடன் லீவு என்பதைச் சேர்க்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சட்டம் படிப்பவருக்கு மட்டும் அன்று. ஒயர்மேன், பாய்லர் லைசென்ஸுக்குப் படிக்கும் தோழர்களுக்கும், மரம் வெட்டிவிட்டுப் படிக்கும் தங்கைகளுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். எத்தனை பேர் என்று நிர்வாகம் முதலில் கேட்கும். படிப்பவர்கள் பெயர், பரீட்சை, தேதி மூன்றையும் எழுதி, வெளியே போகுமுன் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.