மொன்செராத் மலையின் முரசொலி



ஸ்பானிய தேசத்தின் வடகிழக்கே, பார்சலோனா நகருக்கு அப்பால் எழுந்து நிற்பது மொன்செராத் மலை. வாளால் அரிந்த மலை என்பது அப்பெயரின் பொருள். பற்கள் போல வரிசையாய் நிற்கும் அதன் சிகரங்களைக் காண்போர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். பதினோராம் நூற்றாண்டில் அம்மலைமீது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம் தோன்றியது. அங்குள்ள கரிய மாதாவின் மரச்சிலையைத் தரிசிக்க யாத்திரிகர் நூற்றாண்டுகளாக மலையேறி வருகின்றனர்.

அதன் அடிவாரத்துச் சிற்றூர் புரூக். அவ்வூரை வைத்து மக்கள் சொல்லும் கதையொன்று உண்டு.

1808ஆம் ஆண்டு, நண்பரெனச் சொல்லி நுழைந்த நெப்போலியனின் படைகள் பார்சலோனாவைப் பிடித்துக்கொண்டன. யூன் மாதத்தில் தளபதி சுவார்ட்ஸ், ஏறத்தாழ 3,800 வீரருடன் மன்ரேசா நகரை நோக்கிப் புறப்பட்டான். பிரெஞ்சு ஆட்சியின் முத்திரைத் தாள்களை அந்நகரத்தார் பகிரங்கமாக எரித்திருந்தனர். அதற்குத் தண்டனை காத்திருந்தது.

6ந் திகதி புரூக் கணவாயிற் படை அகப்பட்டது. சந்தபெதோர் ஊரைச் சேர்ந்த இசித்ரே என்னும் இளைஞன் முரசறைந்தானாம். மலைமுகடுகள் அவ்வொலியைப் பன்மடங்காக்கித் திருப்பி அனுப்பினவாம். பெரும்படை வருகின்றதென அஞ்சிப் பகைவர் புறங்காட்டினர் என்பது கதை.

ஒரு முரசு மட்டும் ஒரு படையை வெல்லுமா? வரலாறு வேறொன்றையும் கூறுகின்றது. முதல்நாட் பெருமழை பிரெஞ்சுப் படையை மார்த்தொரெல்லிலே தடுத்து வைத்தது. அந்த ஒருநாட் பொழுதில் ஊர்தோறும் கோயில் மணிகள் ஒலித்தன. ஆபத்தில் மணியடித்துக் குடிகளைத் திரட்டுவது அந்நாட்டுப் பழைய வழக்கம். கமக்காரரும் கைவினைஞரும் கையிற் கிடைத்த ஆயுதத்தோடு வந்து, மரங்களின் மறைவில் நின்று சுட்டனர். பின்வாங்கிய படையை எஸ்பரகேரா ஊரார் தெருவை மறித்துத் தாக்கினர். 14ந் திகதி மீண்டும் வந்த படையும் அதே இடத்தில் தோற்றுத் திரும்பியது.

ஆனால் வெற்றிக்கு விலையும் இருந்தது. 1811இல் பிரெஞ்சுப் படை மலைமடத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு முடியுமுன் மடம் தீயாலும் வெடிமருந்தாலும் பாழாகியது. அதனை மீளக் கட்ட நெடுங்காலம் சென்றது.

இன்று புரூக்கில் முரசறைவோனின் சிலை நிற்கின்றது. மணியடித்தோருடைய பெயர்களை அறிவார் இலர். ஒரு முரசு பலவாக ஒலித்தது என்கின்றது கதை; பல ஊர்களின் மணிகள் ஒரே குரலாக ஒலித்தன என்பதே அதனுள் உறையும் உண்மை.