சாட்சியத்தை மறைக்காதீர்கள்

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

நபி (ஸல்) அவர்கள் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து, தம் அண்டை வீட்டார் எதற்காகப் பிடித்து வைக்கப்பட்டுள்ளனர் என்று கேட்டார். நபியவர்கள் இருமுறை முகம் திருப்பிக்கொண்டார்கள். அவர் மீண்டும் பேசவே, அவருடைய அண்டை வீட்டாரை விட்டுவிடும்படிக் கட்டளையிட்டார்கள் (அபூதாவூத்). அவர் கேட்டது தமக்காக அன்று, அண்டை வீட்டாருக்காக. அக்கேள்வி மிம்பரின் முன்னிலையில் அவமதிப்பாகக் கருதப்படவில்லை என்பதைச் சிந்தியுங்கள்.

நம் தாமிரபரணிக் கரையைப் பாருங்கள். 2023 மார்ச்சில், அம்பாசமுத்திரம் கோட்டத்தில் உதவிக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பல்வீர் சிங், விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர்களின் பற்களைப் பிடுங்கினார் என்ற புகார் எழுந்தது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் காவல் நிலையங்களின் பெயர்கள் நாடெங்கும் பேசப்பட்டன. சேரன்மகாதேவி சார் ஆட்சியர் விசாரித்தார். அந்த அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பின்னர் அமுதா ஐ.ஏ.எஸ். தலைமையில் உயர்நிலை விசாரணை நடந்தது, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. குற்றம் உண்டா, இல்லையா என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் பணி. நாம் படிப்பினை பெற வேண்டிய இடம் வேறு. தொடக்கத்தில் விசாரணைக்கு வந்த இளைஞர் ஒருவர், தாமே கீழே விழுந்ததால் பல் உடைந்தது என்று கூறியதாகச் செய்தி வந்தது. உண்மை எதுவாயினும், அச்சம் ஒரு மனிதனின் நாவைக் கட்டிவிடக்கூடும் என்பதை நாம் அறிவோம்.

அச்சத்தை மீறிய நாவும் உண்டு. 2020 ஜூனில், அருகிலுள்ள தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் உயிரிழந்தனர். நீதித்துறை நடுவர் நேரில் சென்று விசாரித்தபோது, அதே நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதைச் சொன்னார். காக்கிச் சட்டை அணிந்தோர் யாவரும் அநீதியாளர் என்று எண்ணுவோருக்கு இது பதிலாகும்.

சகோதரர்களே! தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிரானதாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குரியது என அல்பகரா 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஷாம் நாட்டில் வரிக்காக முஸ்லிமல்லாத விவசாயிகள் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்ததை ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் கண்டார்கள். உலகில் மக்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்ற நபிமொழியை ஆளுநரிடம் எடுத்துரைத்தார்கள். அவர்கள் விடுவிக்கப்பட்டனர் (முஸ்லிம்). பாதிக்கப்பட்டவர் நம்மவரா என்று அவர்கள் கேட்கவில்லை.

நாட்டின் சட்டமும் நமக்கு வழி தந்துள்ளது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. டி.கே.பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளை வகுத்தது. கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் சாட்சியின் கையொப்பமும் வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். காயம் இருந்தால் நடுவரிடமும் மருத்துவரிடமும் அன்றே சொல்லுங்கள். மனித உரிமை ஆணையத்திற்கு ஓராண்டுக்குள் முறையிடுங்கள். வழக்கறிஞருக்கு வசதியற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம்.

பீகாரில் ருதுல் ஷா என்பவர் 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் 1982 வரை சிறையில் கிடந்தார். 1983இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. போன 14 ஆண்டுகள் திரும்பவில்லை. எனினும் அரசு இழைத்த தவறு எழுத்தில் பதிந்தது; அடுத்து வந்தோருக்கு அது வழியாயிற்று.

புகாரில் ஒரு சொல்லும் மிகையாக எழுதாதீர்கள். வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடலாகாது என்பது அல்மாயிதா 8ஆம் வசனத்தின் கட்டளை. பொய்ப் புகாரும் அநீதியே. ஆனால் உங்கள் தெருவில் ஒரு பிள்ளை அழைத்துச் செல்லப்பட்டால் கதவை மூடிக்கொள்ளாதீர்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள், அத்தாயுடன் நிலையம்வரை செல்லுங்கள், கண்டதைச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! அநீதி இழைப்பதிலிருந்தும், அநீதி கண்டு மௌனம் காப்பதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! ஆமீன்.