தஞ்சைத் தரணி இட்ட சோறு



விடுதலைப் போரில் தஞ்சைத் தரணியின் பங்கு யாது என நம் குழந்தைகள் கேட்பின், வேதாரணியத்தைச் சொல்லுவோம். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்கத் திருச்சியினின்றும் நடந்தே புறப்பட்டனர். அவர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறை செல்ல நேரும் எனத் தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊரார் அஞ்சினாரில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்துத் தொண்டர்களின் பசியாற்றினர். 30-ஆம் நாள் இராஜாஜி வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறை புகுந்தார்.

உப்பெடுத்தோர் புகழ் பெற்றனர்; பொட்டலம் கட்டிய தாய்மார் பலர் பெயரின்றியே மறைந்தனர். பிறந்த மண்ணைவிட்டுத் தொலைவில் வாழும் நாம், தலைவர் பெயரோடு அந்த மரங்களின் கதையையும் நம் மக்களுக்குச் சொல்லி வளர்ப்போமாக.