சொன்னதைச் செய்யும் ஏவலாள்

கணினியில் எழுதிப் பழகியவர்களுள்ளும் பலர், மேக்ரோ என்ற சொல்லைக் கேட்டதும் சற்றே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது நிரல் எழுதுவோர் விவகாரம், நமக்கெதற்கு என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் அஃது அத்துணைப் பெரிய விஷயமன்று. ஒரே வேலையைப் பலமுறை செய்யவேண்டி வரும்போது, அதன் படிகளை ஒருமுறை வரிசையாக எழுதிவைத்துவிட்டு, பிறகு பெயர் சொல்லி ஏவுகிறோம். அவ்வாறு எழுதிவைத்த ஏவல்தான் மேக்ரோ.

நம் வீட்டுப் பெண்கள் கோலநோட்டு வைத்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். அதில் உள்ளதை உள்ளபடியே யாரும் இடுவதில்லை. வாசலின் அகலத்திற்கேற்பப் புள்ளியைக் குறைப்பார்கள். ஓர் இழையைக் கூட்டுவார்கள். மாதிரி மேக்ரோக்களும் அத்தகையனவே.

விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பிலுள்ள ரைட்டர் என்னும் எழுதுகருவியை எடுத்துக்கொள்வோம். அதனுடன் சில மாதிரிகள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். கருவிகள் பட்டியலில் மேக்ரோ என்ற பகுதியைத் திறந்தால் அவற்றைக் காணலாம். ஒன்று, 'ஹலோ வேர்ல்டு' என்ற வாழ்த்தை ஆவணத்தில் எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். ஏவல் நடக்கிறதா என்று பார்ப்பதற்கு அது போதும். மற்றொன்று, ஆங்கிலச் சொற்களின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாற்றுவது. தமிழில் அந்தப் பேதமே இல்லையாதலால், நம் சொற்களின் முன் அது கைகட்டி நிற்கிறது! பிறர் எழுதிய பேசிக் மொழி மேக்ரோவை நாம் சேர்ப்பதும் எளிது. அதே பகுதியில் 'என் மேக்ரோக்கள்' என்ற இடத்தில் ஒட்டிச் சேமித்தால், எந்த ஆவணத்திலிருந்தும் அதை அழைக்கலாம். விரும்பினால் ஒரு விசையோடும் இணைத்துக்கொள்ளலாம்.

மேக்ரோவை ஆவணத்தின் உள்ளேயே வைத்து அனுப்பவும் முடியும். தொல்லை தொடங்கிய இடம் அதுதான். 1995-இல் 'கான்செப்ட்' என்ற நச்சுநிரல் வேர்டு ஆவணங்களின் வழியே பரவிற்று. 1999 மார்ச்சில் வந்த 'மெலிசா', ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அஞ்சல் செய்துகொண்டது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுத்துவைக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 2022-இல்தான் கொண்டுவந்தது. லிப்ரே ஆபீஸில் காவல் நான்கு படிகளாக அமைந்திருக்கிறது. ஒரு மாதிரி ஓடவில்லை என்பதற்காகக் காவலை அடிப்படிக்கு இறக்குவோரைக் கண்டிருக்கிறேன். தாழ்ப்பாள் இறுகியிருக்கிறதென்று கதவையே கழற்றி வைப்பது போன்றது அது.

பகைவன் ஒருவனும் இல்லாமலே வரும் கேடு வேறொன்று உண்டு. யூனிகோடு பரவுமுன் தட்டெழுதிய தமிழ்ப் பிரதிகள் பதிப்பு வேலையின் பொருட்டு என்னிடம் வருவதுண்டு. அந்தப் பழைய எழுத்துருக்கள் பலவற்றில், ஔகாரத்தின் பிற்குறிக்கும் ளகரத்திற்கும் ஒரே வடிவம், ஒரே எண். ஆகவே 'மௌனம்' என்பதை யூனிகோடுக்கு மாற்ற, "கொம்பு, ஒரு மெய், ளகரம் மூன்றும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக்கு" என்று மேக்ரோவில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். மேக்ரோவும் அதைச் சிரமேற்கொண்டு செய்கிறது. ஆனால் 'வெளி' என்ற சொல்லிலும் அதே மூன்றும் அதே வரிசையில்தானே இருக்கின்றன? அதுவும் ஔகாரமாகி, இகரக்குறி மட்டும் பற்றுக்கோடின்றி மிஞ்சுகிறது. 'தெளிவு' என்பதற்கும் இதே கதி நேர்கிறது. இணையத்திலுள்ள தமிழ்ப் பக்கங்களில் இப்பிழையை இன்றும் பரக்கக் காணலாம்.

இதில் கொடுமை என்னவெனில், பிழைபட்ட சொல் கண்ணுக்குப் பெரும்பாலும் சரியான சொல்லைப்போலவே தோன்றும். மெய்ப்புத் திருத்துபவர் எத்தனை முறை படித்தாலும் பிடிபடாது. பின்னாளில் ஒருவர் அந்த நூலில் 'வெளி' என்று தேடும்போது, அச்சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தும், ஓரிடத்திலும் இல்லை என்று கணினி கூறிவிடும். அகப்படாத சொல் அவரைப் பொறுத்தவரை எழுதப்படாத சொல்தான்.

பரிகாரம் ஒரே வரி: ளகரத்தை அடுத்து ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ நின்றால் தொடாதே என்பது. பிறர் தந்த மாதிரியில் இவ்வரி உண்டா என்பதை, அதைத் திறந்து வாசிப்பவர்தாம் அறிவார். நிரல்மொழி முழுவதும் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. எதைத் தேடி எதை வைக்கிறது என்ற அளவு புரிந்தால் போதும்.

புதிய மாதிரி எது கிடைத்தாலும், முதலில் வெற்று ஆவணம் ஒன்றில் அதே பழைய எழுத்துருவில் மௌனம், கௌரவம், பௌர்ணமி, வெளி, தெளிவு என்ற ஐந்து சொற்களையும் இட்டு அதை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். பிறகு 'வெளி' என்று தேடுவேன். அது அகப்பட்ட பிறகே நூலின் நகலைத் திறக்கிறேன். மூலப்பிரதி வேறொரு தட்டில் தொடப்படாமல் இருக்கும்.