தொழுநோய்க் கிருமி சொல்லும் பாடம்

(புதுச்சேரியில் மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் ஆற்றிய உரை)



நம் ஊரிலிருந்து திருவக்கரைக்குப் போய்வரும் பிள்ளைகள், அங்கே கல்லாகிக் கிடக்கும் மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று கேட்டு வந்து, வீட்டில் கேள்வி எழுப்புகிறார்கள். "இதையெல்லாம் படித்தால் பிள்ளைகளின் விசுவாசம் குலைந்துபோகாதா?" என்று பெற்றோர் கலங்குகிறார்கள். 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 1800-க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் அதைத் திரும்பச் சேர்க்கும்படி கையெழுத்திட்டுக் கேட்டார்கள். மருத்துவ ஊழியத்தைத் தாங்குகிற நாமும் அவர்கள் பக்கம் நிற்கவேண்டும் என்பது என் எண்ணம்.

"அறிவார்ந்த வடிவமைப்பு" என்றொரு கொள்கை 1990-களில் அமெரிக்காவில் பரவிற்று. உயிர்களின் சில பாகங்கள் மிகச் சிக்கலானவை, சிறிது சிறிதாக உருவாகியிருக்க முடியாது, ஆகவே ஒருவர் திட்டமிட்டே செய்திருக்கவேண்டும் என்பது அதன் வாதம். 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில், இது அறிவியல் அன்று என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வாதம் நம்மை ஏன் கவர்கிறது என்பது புரியாததல்ல. வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், மனிதக் கையின் அமைப்பில் படைத்தவரின் ஞானத்தைக் கண்டு வியந்தார். அந்த வியப்பு நல்லதே. ஆனால் அதையே அறிவியல் சான்றாக்கினால், அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். அந்தக் கையை முடக்குகிற கிருமியை வடிவமைத்தது யார்?

2001-இல் தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் சாங்கர் மையத்தாரும் படித்து வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கிருமி தமிழ்நாட்டில் கிடைத்தது, அதன் பெயரே "டி.என்." சுமார் 1600 மரபணுக்கள் அதில் வேலை செய்கின்றன. 1100-க்கும் மேற்பட்டவை பழுதுபட்டுக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றின் பழுதில்லாத வடிவம், அதன் உறவான காசநோய்க் கிருமியில் இன்றும் இயங்குகிறது. இடிந்த வீட்டைப் பார்த்தாலும் அடுப்படி எங்கே, கிணறு எங்கே என்று தெரிகிறதல்லவா? அப்படித்தான் இதுவும். பிற உயிரின் உடலுக்குள் ஒண்டி வாழ்ந்து, தேவைப்படாதவற்றை நெடுங்காலத்தில் இழந்த வரலாறு அதில் எழுதப்பட்டிருக்கிறது. இவ்வளவு இழந்துவிட்டதால்தான் அதைச் சோதனைக்கூடத் தட்டில் இன்னமும் வளர்க்க முடியவில்லை.

இது ஏட்டறிவு மட்டுமல்ல. டாப்சோன் மாத்திரை ஒன்றையே நம்பியிருந்த காலத்தில், 1960-களில், அதற்கு அசையாத கிருமிகள் தோன்றின. கோடிக்கணக்கான கிருமிகளில் தற்செயலாக மாறியிருந்த சில மட்டும் தப்பிப் பிழைத்தன. மற்றவை மடிய, அவை பெருகின. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். அதனால்தான் 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. ஒரு மருந்துக்குத் தப்பியது மற்றொன்றுக்குத் தப்பாது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, ஒரு நாளும் விடாமல் சாப்பிடுங்கள் என்று நோயாளியிடம் நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

"ஐயா, இது என் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையா?" என்று கேட்கும் நோயாளிகள் இன்றும் உண்டு. இல்லை, இது ஒரு கிருமி, இதற்கு மருந்து உண்டு என்று நெஞ்சறியச் சொல்ல அறிவியல் நமக்கு வழி செய்தது. கிருமியைக் கடவுள் நேரே வடிவமைத்தார் என்று போதிக்கிறவர், அறியாமலே அந்தப் பழைய தண்டனைக் கதைக்குக் கதவு திறந்துவிடுகிறார்.

அறிவியல் விளக்காத இடங்களிலே கடவுளைத் தேடினால், அது ஒவ்வொன்றாக விளக்க விளக்க நம் கடவுளும் சிறுத்துக்கொண்டே போவார். அறிவியலுக்கு எல்லை வேறிடத்தில் இருக்கிறது. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் எப்படி வருகிறது என்று அது சொல்லும். வீட்டார் கைவிட்ட ஒருவரின் புண்ணைக் கழுவ நாம் ஏன் முழங்காலிடவேண்டும் என்று அது சொல்லாது. அதைச் சொல்லுவது விசுவாசமே.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகள் பரிணாமத்தைப் படிக்கட்டும், கேள்வி கேட்கட்டும், கடிந்துகொள்ளாதீர்கள். நாளைக்கு நல்ல மருத்துவர்கள் நமக்கு வேண்டும். கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. மெத்தென்ற ரப்பர் செருப்பு, கட்டுத்துணி, விரல் நிமிர்த்தும் அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு உங்கள் காணிக்கை உதவும். ஜெபத்திலும் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.