ஓட்டக்களமும் பாட்டரங்கும்



கம்பம் பள்ளத்தாக்கில், விடியற்காலையில் முல்லைப்பெரியாற்றங்கரையோரம் ஓடிப் பழகும் இளைஞர் உண்டு. அவருள் ஒருவர் கல்லூரிப் பந்தயங்களில் வென்றபின் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் புறப்பட்டால், 'ஓட்டம் எங்கே, பாட்டு எங்கே?' என்று ஊரார் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு இடமில்லை. இரண்டிற்கும் மூலதனம் மூச்சு. அதனை வளர்ப்பது அன்றாடப் பயிற்சி.

போட்டியாளராகத் தொடங்கி, பின்னாளில் போட்டியை நடத்துபவராகவே விளங்கிய ஒருவரை இங்கு நினைவுகூர்வோம். எஸ். பி. பாலசுப்பிரமணியம் 1946ஆம் ஆண்டு பிறந்தவர். 1964இல், தெலுங்குக் கலாசார அமைப்பு ஒன்று நடத்திய பாட்டுப் போட்டியில் அவர் முதற்பரிசு பெற்றார். ஆயினும் பரிசு பெற்ற மறுநாளே புகழ் வந்துவிடவில்லை. இசையமைப்பாளர் எஸ். பி. கோதண்டபாணியின் ஆதரவால் திரையில் அவர் குரல் ஒலித்தது 1966இல்தான். தொடக்க காலத்தில் அவர் மெல்லிசைக் குழு அமைத்து மேடைதோறும் பாடினார். அக்குழுவில் வாசித்தவர் யார் தெரியுமா? நம் பண்ணைப்புரத்துச் சகோதரர்களாகிய பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரே!

'கேளடி கண்மணி' என்னும் 1990ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவர் பாடிய பாடலொன்று, மூச்சு வாங்கும் இடமே தெரியாதபடி ஒலிக்கின்றது. அதற்கு இசையமைத்தவர் இளையராஜா. இயற்றியவர் அவர்தம் தமையனார் பாவலர் வரதராசன். மேடைகளில் தொடங்கிய நட்பின் விளைச்சல் அது.

1996இல் அவர் 'பாடுதா தீயகா' என்னும் தெலுங்குத் தொலைக்காட்சிப் போட்டியை நடத்த முன்வந்தார். இளம் பாடகரின் பிழையை மனம் நோகாமல் சுட்டினார். நல்லதை மனமாரப் பாராட்டினார். தாம் ஏறிவந்த ஏணியைப் பிறருக்கும் பிடித்து நின்ற அப்பெருந்தகை 2020இல் மறைந்தார்.

மாணவர்களே, ஒரு போட்டியில் முதற்பரிசு ஒருவருக்கே. ஏனையோர் என் செய்வது? இதனை ஓட்டக்காரன் நன்கறிவான். நேற்றுப் பின்தங்கியவன் இன்றும் விடியுமுன் களத்தில் நிற்கின்றான், கைதட்டுவாரின்றி ஓடுகின்றான். விளையாட்டு அவனுக்கு அளித்த பெருஞ்செல்வம் பதக்கமன்று, இந்தப் பழக்கமே. பாட்டரங்கிற்குச் செல்வோர் இதனையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். நடுவர் உங்கள் பெயரைச் சொல்லாத நாளில், போட்டி முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று கொள்ளாதீர்கள்.